எட்டு 'ஷுட்' எழுதினால் போதுமா?

சென்னையில் மென்பொருளுக்கும் கருவிகளுக்கும் கையேடு எழுதுவது 19 ஆண்டுகளாக என் பிழைப்பு. அதற்கு முன் இரண்டு ஆண்டு ஒரு பொறியியல் கல்லூரியில் டெக்னிக்கல் இங்கிலீஷ் நடத்தினேன். வேலையிடத்தில் எழுதுவது பற்றி மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில். ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (முதலாம் ஆண்டு, மெக்கானிக்கல்): மேடம், பரீட்சையில் எட்டு இன்ஸ்ட்ரக்ஷன் (செய்முறைக் கட்டளை), எட்டு ரெகமண்டேஷன் (பரிந்துரை) எழுதச் சொல்கிறார்கள். எல்லா வரியிலும் 'ஷுட்' (should, அதாவது 'வேண்டும்') போட்டால் மார்க் வந்துவிடுகிறது. வேலைக்குப் போனபின் இது உதவுமா?

பதில்: ரெகமண்டேஷனை விடுங்கள். இன்ஸ்ட்ரக்ஷன் கட்டாயம் உதவும், ஆனால் பரீட்சையில் எழுதுகிற மாதிரி இல்லை. 'தீ விபத்தைத் தவிர்க்க எட்டு வழி' என்றால் மூன்றாவதை ஏழாவதாக எழுதினாலும் ஒன்றும் ஆகாது. கம்ப்ரஸரைத் திறக்கும் எட்டுப் படிகளில் அப்படிச் செய்தால் ஆள் ஆஸ்பத்திரிக்குப் போவார். 'மூடியைக் கழற்றவும்' என்று நான்காவது படியிலும், 'கழற்றுமுன் காற்றழுத்தத்தை இறக்கவும்' என்று ஐந்தாவதிலும் இருந்த ஒரு கையேட்டை நானே திருத்தியிருக்கிறேன். படிப்பவர் ஸ்பானரும் கையுமாக நிற்கிறார். முழுப் பக்கத்தையும் படித்துவிட்டா வேலையைத் தொடங்குவார்? ஒரு வரி படிப்பார், அதைச் செய்வார், அப்புறம் அடுத்த வரி.

விமானப் பராமரிப்புக் கையேடுகளுக்கு ஏ.எஸ்.டி.-எஸ்.டி.இ.100 என்று ஒரு எளிய இங்கிலீஷ் விதித்தொகுப்பு உண்டு. அதன்படி, செய்முறையைச் சொல்லும் வாக்கியம் 20 சொல்லைத் தாண்டக் கூடாது. விளக்கம் சொல்லும் வாக்கியத்துக்கு 25 வரை இடம் உண்டு. பொதுவாக ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளைதான். இதோடு நான் ஒன்று சேர்ப்பேன்: நிபந்தனையை முதலில் எழுதுங்கள். 'பச்சை விளக்கு எரிந்தால் வால்வைத் திற' என்றுதான் தமிழில் நமக்கு வாயில் வரும். இங்கிலீஷில் எழுதும்போதுதான் வால்வைத் திறக்கச் சொல்லிவிட்டு விளக்கைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம். இந்த விஷயத்தில் தமிழின் வரிசையையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மூன்றாம் ஆண்டு, ஈ.சி.ஈ.): எங்கள் சார் பாஸிவ் வாய்ஸில்தான் (செயப்பாட்டு வினை) எழுத வேண்டும் என்கிறார். இணையத்தில் எல்லாரும் அது கூடாது என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: லேப் ரிப்போர்ட்டில் 'மின்னழுத்தம் அளக்கப்பட்டது' என்றால் குற்றமில்லை, அளந்தது யார் என்று யாரும் கேட்கப் போவதில்லை. மூன்று ஷிப்ட் ஓடும் ஆலையில் 'வால்வு மூடப்பட வேண்டும்' என்று எழுதி ஒட்டிப் பாருங்கள். அடுத்த ஷிப்ட் மூடிக்கொள்ளும் என்று மூன்று ஷிப்டும் போய்விடும்.

கேள்வி (மூன்றாம் ஆண்டு, கம்ப்யூட்டர் சயின்ஸ்): வேலை நன்றாகத் தெரிந்தால் போதாதா? எழுத்துக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

பதில்: கொலம்பியா விண்கலம் தெரியுமா, கல்பனா சாவ்லா போனது? 2003 ஜனவரி 16 அன்று கிளம்பிய ஒன்றரை நிமிடத்துக்குள் எரிபொருள் தொட்டியின் நுரைக்காப்பு பிய்ந்துபோய் இடது இறக்கையில் மோதியது. கலம் மேலே சுற்றிக்கொண்டிருக்கும்போதே சேதம் எவ்வளவு இருக்கும் என்று கீழே கணக்குப் போட்டு, நாசா அதிகாரிகளுக்கு ஸ்லைடு தயாரித்தார்கள். கணக்குப் போட்டவர்களுக்கு வேலை நன்றாகவே தெரியும்.

அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பைப் படித்தவருக்கு, சோதனைத் தரவு பாதுகாப்பான பக்கமே சாய்கிறது என்று தோன்றும். கீழே ஒரு புள்ளி, அதற்குக் கீழே ஒரு கோடு, இன்னும் உள்ளே தள்ளி ஒரு துணைக் குறிப்பு என்று எழுத்து சிறுத்துக்கொண்டே போகிறது. அடிமட்டத்தில்தான் முக்கியமான விஷயம் கிடந்தது: சோதித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம், மோதியதாகக் கணித்த துண்டு 1,920 கன அங்குலம். அதாவது 640 மடங்கு. கையில் இருந்த தரவு இந்த மோதலைப் பற்றி எதுவுமே சொல்லாது என்று அர்த்தம். தலைப்பில் இருக்க வேண்டிய சேதி அது. போதாததற்கு 'சிக்னிஃபிகன்ட்' (குறிப்பிடத்தக்க) என்ற சொல் இடத்துக்கு ஒரு பொருளில் திரும்பத் திரும்ப வருகிறது. பிப்ரவரி 1 அன்று கலம் திரும்பும்போது சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். அந்த ஆகஸ்டில் வந்த விசாரணைக் குழுவின் அறிக்கை இந்த ஸ்லைடைத் தனியாக எடுத்துக் கண்டித்தது.

ஸ்லைடு ஒழுங்காக இருந்திருந்தால் ஏழு பேரும் பிழைத்திருப்பார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. நாசாவின் இன்னொரு விண்கலமான சேலஞ்சர் விஷயம் நேர் எதிர். ரோஜர் போஷலே என்ற பொறியாளர் 1985 ஜூலை 31 அன்றே, ராக்கெட் இணைப்பு வளையத்தைக் கவனிக்காவிட்டால் உயிர்ச்சேதம் வரும் என்று தம் மேலதிகாரிக்குப் பளிச்சென்று எழுதினார். ஆறு மாதத்தில் சேலஞ்சர் வெடித்தது. நன்றாக எழுதியும் கேட்காமல் போவதுண்டு. ஆனால் கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு விடையை அடியில் புதைத்தால், பழி மேலதிகாரி மேல் மட்டும் விழாது.

கேள்வி (நான்காம் ஆண்டு, இ.இ.இ.): ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டின் அப்ஸ்ட்ராக்டை (முன்சுருக்கம்) எப்படித் தொடங்குவது? சீனியர் ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதலாமா?

பதில்: பார்க்கலாம், காப்பி அடிக்காதீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பேட்ச், சீனியர் ஃபைலை அப்படியே எடுத்து மாற்றினார்கள். தலைப்பு, வருடம் எல்லாம் மாற்றி, பைண்டிங்கும் செய்தாயிற்று. வைவாவில் (வாய்மொழித் தேர்வு) வெளியிலிருந்து வந்த தேர்வாளர் போனஃபைட் பக்கத்தை, அதாவது இது இன்னார் செய்த வேலை என்று கல்லூரி சான்று தரும் பக்கத்தைத் திறந்தால் சீனியர்களின் பெயர்!

அப்ஸ்ட்ராக்டைக் கடைசியில் எழுதுங்கள். 'இன்றைய நவீன உலகில் தொழில்நுட்பம் வேகமாக வளர்ந்து வருகிறது' என்ற அர்த்தத்தில் ஒரு வரி தானாக வந்து உட்காரும், அடித்துவிடுங்கள். என்ன சிக்கல், என்ன செய்தீர்கள், என்ன எண் கிடைத்தது, எந்த இடத்தில் அது வேலை செய்யாது. மண் ஈரத்தைப் பார்த்துத் தானாக நீர் பாய்ச்சும் கருவி என்றால் (வருடா வருடம் யாராவது செய்கிறார்கள்) எத்தனை நாள் ஓட்டினீர்கள், எவ்வளவு தண்ணீர் மிச்சமானது என்பது வேண்டும். எண் இல்லை என்றால் இன்னும் எழுதும் நேரம் வரவில்லை, தோட்டத்துக்குப் போங்கள்.

கேள்வி (வேலையில் சேர்ந்து மூன்று மாதம்): 'கைண்ட்லி டூ த நீட்ஃபுல்' என்று எழுதியதற்கு டீமில் சிரித்தார்கள். அதில் என்ன தப்பு?

பதில்: சிரித்ததுதான் தப்பு. அது பழைய ஆபீஸ் இங்கிலீஷ், அவ்வளவுதான். ஆனால் 'ஆவன செய்யவும்' என்றால் எதைச் செய்வது? 'வியாழன் மாலைக்குள் சர்வர் பாஸ்வேர்டை மாற்றித் தாருங்கள்' என்று கேளுங்கள். 'ப்ளீஸ் ரிவர்ட்' மட்டும் ஜாக்கிரதை. பதில் அனுப்பு என்று நாம் நினைத்து எழுத, செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்கச் சொல்கிறார்கள் என்று புரோகிராமர் எடுத்துக்கொள்வார்.

பள்ளிக்கூடத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கடிதம் எழுதினோமே, நல்ல மின்னஞ்சலுக்கு அந்தப் 'பொருள்' வரி அப்படியே பொருந்தும். அரசு அலுவலகக் கடிதங்களில் 'பார்வை' என்று முந்தைய கடிதத்தின் எண்ணையும் தேதியையும் கொடுப்பார்கள். 'நேற்றுப் பேசியபடி' என்று தொடங்கும் மின்னஞ்சல்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரி நினைவுக்கு வரும். எந்த நேற்று, யாரோடு பேசியது?

கேள்வி (இரண்டாம் ஆண்டு, சிவில்): அக்கா, நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழி. இங்கிலீஷில் எழுத வேண்டும் என்றாலே கை நடுங்குகிறது.

பதில்: தம்பி, மேலே சொன்ன விமானக் கையேட்டு விதித்தொகுப்பில் ஒரு அகராதி இருக்கிறது. அதில் அனுமதித்த பொதுச் சொற்கள் ஏறக்குறைய 900தான். பாகங்களின் பெயரும் தொழில் சொற்களும் தனி. விமானத்தைக் கழற்றி மாட்ட அது போதும் என்றால் உங்கள் சைட் ரிப்போர்ட்டுக்கும் போதும். சொல்ல வேண்டியதைத் தமிழில் வரிசைப்படுத்திக்கொண்டு, சின்னச் சின்ன வாக்கியமாக எழுதுங்கள். ஆங்கில வழியில் படித்தவர்களின் நீளமான வாக்கியங்களைத் துண்டு போடுவதில்தான் என் பாதி நாள் போகிறது.

கேள்வி (பலர்): இப்போது ஏ.ஐ. எல்லாவற்றையும் எழுதித் தந்துவிடுகிறதே?

பதில்: தரும். உங்கள் லேபில் மூன்றாவது மேசை மோட்டார் இரண்டாவது முறை ஸ்டார்ட் செய்தால்தான் ஓடும் என்று அதற்கு யார் சொல்வது? அதை எழுதிக் கொடுத்தபின் இலக்கணத்தைத் திருத்தச் சொல்லுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேள்வி (இறுதியாண்டு): டெக்னிக்கல் ரைட்டர் வேலைக்கு எப்படித் தயாராவது அக்கா?

பதில்: கோர்ஸ் சான்றிதழ்களைவிட உங்கள் கையால் எழுதிய ஒரு கையேட்டைத்தான் நான் கேட்பேன். ஹாஸ்டல் வாஷிங் மெஷினுக்கு இரண்டு பக்கம் எழுதினாலும் சரி. அதை ஒருமுறைகூட அந்த மெஷினைத் தொடாத ஜூனியரிடம் கொடுத்துவிட்டு, பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். அவர் திகைத்து நிற்கும் ஒவ்வொரு வரியிலும் பென்சிலால் கோடு போடுங்கள். திருத்தியபின் வேறொரு ஜூனியரைத் தேடுங்கள்; முதலாமவருக்கு இப்போது வழி தெரிந்துவிட்டது, இனி அவர் உதவ மாட்டார்.