எம்மாவுக்குப் போகிற வழியில்

அன்புள்ள அக்கா,

பெங்களூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். சின்ன வயதிலிருந்தே ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போய் வளர்ந்தவன். இப்போதும் போகிறேன். ஆனால் பாட்டு, ஜெபம், பிரசங்கம் எதுவும் உள்ளே இறங்குவதில்லை. பைக்கில் தனியாக நெடுந்தூரம் போகும்போதும் சில படங்கள் பார்க்கும்போதும் மட்டும் நெஞ்சு நிறைந்துவிடுகிறது, தானாக ஜெபம் வருகிறது. போன மாதம் 'சென்ட்ரல் ஸ்டேஷன்' படம் பார்த்துவிட்டு அரைமணி நேரம் அழுதேன். ஊரில் ஒரு பெரியவரிடம் சொன்னதற்கு, "அது விசுவாசம் இல்லை தம்பி, மாம்சத்தின் உணர்ச்சி" என்றார். வீட்டிலும் மனம்விட்டுப் பேச ஆளில்லை. மார்த்தாண்டத்தில் இருக்கிற அண்ணனோடு பேச்சு நின்று மூன்று வருஷமாகிறது. நான் உணர்வது கடவுளையா, வெறும் சினிமாவையா?

சா., பெங்களூரு

அன்புள்ள தம்பி,

அந்தப் பெரியவர்மேல் வருத்தப்படாதீர்கள். நானும் சினிமா பாவம் என்று சொன்ன வீட்டில்தான் வளர்ந்தேன். அப்பா கடைசிவரை தியேட்டர் வாசலை மிதித்ததில்லை. அவர்களுடைய பயத்தில் உண்மையான அக்கறை இருந்தது. இருட்டில் உட்கார்ந்து அழுகிற அழுகை எவ்வளவு எளிதில் காய்ந்துவிடும் என்பதை அவர்கள் அறிவார்கள்.

ஆனாலும் உங்கள் அழுகையை நான் மாம்சம் என்று தள்ளமாட்டேன். நீங்கள் அழுத படத்தையே எடுத்துக்கொள்வோம். வால்ட்டர் சாலஸ் இயக்கி, 1998இல் பெர்லினில் தங்கக் கரடி வாங்கிய பிரேசில் படம். ரியோ ரயில் நிலையத்தில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துப் பிழைக்கிறாள் ஓய்வுபெற்ற ஆசிரியை டோரா. காசை வாங்கிக்கொள்வாள், கடிதங்களைத் தபாலில் போடமாட்டாள். கிழிப்பாள், இல்லையென்றால் மேசை அறையில் போட்டு மூடுவாள். தாயை இழந்த ஜோசுவே என்கிற சிறுவனைக் காசுக்கு விற்று, அந்தப் பணத்தில் டிவி வாங்குகிறவளும் அவள்தான். பிறகு மனசு உறுத்த, அவனை மீட்டுக்கொண்டு, பஸ்ஸிலும் லாரியிலுமாக வறண்ட வடகிழக்குப் பிரதேசத்துக்கு அவன் அப்பாவைத் தேடிப் போகிறாள்.

அந்த அப்பாவின் பெயர் இயேசு. தொழில் தச்சு. அண்ணன்மார் இருவருக்கும் ஏசாயா, மோசே என்று பெயர். ஜோசுவே என்றால் நம் யோசுவாதான். இவ்வளவு வெளிப்படையாக வைத்துவிட்டு, அப்பாவை ஒரு காட்சியிலும் சாலஸ் நேரில் காட்டுவதில்லை. அவர் எங்கோ போயிருக்கிறார், திரும்பி வருவேன் என்று ஒரு கடிதம் மட்டும் விட்டுப்போயிருக்கிறார். மகன்களுக்கு அதை வாசிக்கத் தெரியாது. டோரா வாசிக்கிறாள். கடிதத்தில் ஜோசுவேயின் பெயர் இல்லை. அவள் சத்தமாக வாசித்துக்கொண்டே வந்து, அந்தப் பெயரையும் தானாகச் சேர்த்து வாசிக்கிறாள். பையனின் முகத்தைப் பார்த்தீர்கள் அல்லவா? ஊரார் கடிதங்களைக் கிழித்துப்போட்டவளின் வாய், அப்பாவின் கடிதத்தில் ஒரு பிள்ளைக்கு இடம் பண்ணிக் கொடுக்கிறது. சுவிசேஷம் வாசிப்பது என்றால் என்ன என்று நான் கேட்ட பல பிரசங்கங்களைவிட அந்த ஒரு நிமிஷம் எனக்கு விளக்கமாகச் சொன்னது.

சினிமாவுக்கு நூறு வயதான 1995இல் வத்திக்கான் ஒரு பட்டியல் வெளியிட்டது. மொத்தம் 45 படங்கள். அவற்றில் 'மதம்' என்ற தலைப்பில் வருபவை 15 மட்டுமே. மற்ற 30 படங்களை விழுமியம், கலை என்று பிரித்து வைத்தார்கள். ஃபெலினியின் 'லா ஸ்ட்ராடா' அதில் உண்டு. அந்தச் சொல்லுக்கே சாலை என்றுதான் பொருள். ஒரு கூழாங்கல்லைக் காட்டி, இதற்கும் ஏதோ பயன் உண்டு, இது வீண் என்றால் நட்சத்திரங்களும் வீண் என்று ஒருவன் சொல்வான். தன்னை யாருக்கும் வேண்டாம் என்று நினைக்கிற பெண் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

சாலை நமக்கு அந்நியமும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் முதல் கிறிஸ்தவர்களுக்கு 'மார்க்கத்தார்', அதாவது வழியைச் சேர்ந்தவர்கள், என்றே பெயர். பின்னால் பவுலாக அறியப்பட்ட சவுல், இயேசுவின் குரல் கேட்டு விழுந்தது தமஸ்குப் பாதையில். எத்தியோப்பிய மந்திரி விசுவாசித்தது காசாவுக்குப் போகிற வழியில், ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது.

ஒரு ராத்திரி அப்பாவும் நானும் சென்னையிலிருந்து திருநெல்வேலிக்குக் காரில் போய்க்கொண்டிருந்தோம். துவரங்குறிச்சி தாண்டி டயர் பஞ்சர். ஸ்டெப்னியிலும் காற்று இல்லை. கொஞ்ச தூரம் நடந்து ஒரு பஞ்சர் கடையைக் கண்டுபிடித்தோம். கயிற்றுக் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தவரை எழுப்பினேன். நெற்றியில் அழிந்த விபூதி. முகம் சுளிக்காமல் எழுந்து வந்தார். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, அங்குலம் அங்குலமாகத் திருப்பினார். அப்பா டார்ச் பிடித்தார். ஒரு இடத்தில் குமிழி வந்தது. அந்த இடத்தை அவர் கட்டை விரலால் அப்படியே மூடிக்கொண்டு, "இந்தா இருக்கு சார்" என்று அப்பாவைப் பார்த்துச் சிரித்தார். கூடக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தன் ஃப்ளாஸ்கிலிருந்து எங்களுக்கு டீ ஊற்றினார்.

அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் அப்பா எழுந்து அதைச் சொன்னார். இருட்டு, கட்டில், தண்ணீர், குமிழி, கட்டைவிரல் என்று ஒவ்வொன்றாக, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சினிமாவே பார்க்காத மனிதர் ஆலயத்தில் நின்று எங்கள் கண்முன் ஒரு காட்சியை ஓட்டினார். கடைசியில், "நல்ல சமாரியனைப் பார்த்தேன்" என்றார். இயேசு சொன்ன கதையில், வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய அந்நியன்தான் அந்தச் சமாரியன். டார்ச் பிடித்தபோது அவருக்கும் அது தெரியாது. திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

லூக்கா 24ஐ எடுத்து வாசியுங்கள். இயேசு இறந்து உயிர்த்தெழுந்த நாளில், எருசலேமிலிருந்து ஏழெட்டு மைல் தூரத்திலுள்ள எம்மாவு கிராமத்துக்குப் போகிறார்கள் இரண்டு சீஷர்கள். வழியில் கூடவே நடந்து வந்த இயேசுவை அந்த இருவருக்கும் அடையாளம் தெரியவில்லை. வழியில் இருதயம் கொழுந்துவிட்டு எரிந்தது என்பதைக்கூடப் பின்னால்தான் சொல்கிறார்கள். உங்களுக்கு பைக்கில் வருகிற நிறைவு அந்த எரிதல்தான் என்று நம்புகிறேன். ஆனால் கதை அங்கே நிற்கவில்லை, தம்பி. பொழுது போய்விட்டது என்று விருந்தாளியை வீட்டில் தங்கச் சொன்னவர்கள், அப்பம் பிட்டபோது அவர் யாரென்று கண்டதும், எழுந்து அதே ஏழெட்டு மைலை அந்த ராத்திரியில் திரும்பி நடந்தார்கள். எங்கே? பயந்துபோய்க் கூடியிருந்த மற்ற சீஷர்களிடம்.

தனியாகப் போகிற பைக்கிலும் தியேட்டர் இருட்டிலும் நம்மிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. ஆலயத்தில் நாம் தேர்ந்தெடுக்காத மனிதர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே உங்களுக்கு ஒன்றும் தோன்றாத ஞாயிறுகளிலும் போய்க்கொண்டிருங்கள். அழுகை உங்களை யாரிடம் அனுப்புகிறது என்று மட்டும் பாருங்கள்.

இன்னொரு படமும் பார்க்க வேண்டும். டேவிட் லிஞ்ச் 1999இல் எடுத்த 'தி ஸ்ட்ரெய்ட் ஸ்டோரி'. நிஜமாக நடந்தது. ஆல்வின் ஸ்ட்ரெய்ட் என்கிற 73 வயதுக்காரர், காரோட்ட உரிமம் இல்லாததால், 1994இல் புல் வெட்டும் வண்டியில் ஏறி, அயோவாவிலிருந்து 240 மைல் ஊர்ந்து விஸ்கான்சின் போனார், பக்கவாதம் வந்த அண்ணனைப் பார்க்க. போய்ச் சேர்ந்த ஊரின் பெயர் மவுண்ட் சயான், நம் சீயோன் மலைதான். படத்தில் சகோதரர்கள் பல வருஷமாகப் பேசாதவர்கள். வாசலில் கிடக்கும் வண்டியைப் பார்த்து, "என்னைப் பார்க்க இதிலயா வந்தே?" என்று கேட்கிறார் ஒருவர். "ஆமா" என்கிறார் மற்றவர். யாரும் மன்னிப்பு என்ற சொல்லையே எடுப்பதில்லை. இருவரும் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள். நடித்த ரிச்சர்ட் ஃபார்ன்ஸ்வொர்த் அப்போது புற்றுநோயின் வலியோடுதான் அந்த வண்டியில் உட்கார்ந்திருந்தார்.

நாகர்கோவிலிலிருந்து மார்த்தாண்டம் 30 கிலோமீட்டர் சொச்சம். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன விஷயம் இது, நான் திரும்பத் திரும்ப அங்கேயே நின்றேன். என்ன சண்டை என்று கேட்கமாட்டேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பைக்கை அந்தப் பக்கம் திருப்புங்கள். பேச ஒன்றும் தோன்றாவிட்டால் பரவாயில்லை, பைக்கை அவர் வாசலில் நிறுத்துங்கள். போய் வந்து எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா