1924-இல் மின்சாரம் இல்லாத சென்னை வீட்டில் ரேடியோ கேட்க முடிந்திருக்குமா?

முடியும், கிரிஸ்டல் செட் (ஒரு கல் துண்டைக் கொண்டு அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் எளிய ரேடியோ) இருந்தால். அதற்கு பேட்டரிகூட வேண்டாம். ஏரியலில் சேரும் அலையின் ஆற்றலே ஹெட்போனை இயக்கும். ஆனால் 1924 ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கிய சென்னை மாகாண ரேடியோ கிளப்பின் டிரான்ஸ்மிட்டர் வெறும் 40 வாட். எனவே ஏரியல்தான் உயிர்: சுமார் 100 அடி செம்புக் கம்பி, மொட்டை மாடிக்கு மேலே, இரு முனையிலும் பீங்கான் இன்சுலேட்டர். அதில் கடற்காற்றின் உப்பு படிந்தால் சிக்னல் கசியும். அவ்வப்போது துடைக்க வேண்டும். எர்த் கம்பிக்கு ஈரமான கிணற்றடி அருமையான இடம்.

பிறகு பொறுமை. செட்டில் உள்ள கலீனா என்ற ஈயத் தாதுக் கல்லின்மேல் மெல்லிய கம்பி முனையை நகர்த்தி நகர்த்தி, ஒலி வரும் புள்ளியைப் பிடிக்க வேண்டும். யாராவது மேசையை இடித்தால் முனை விலகி, பாட்டு பாதியில் நின்றுவிடும். கல்லை விரலால் தொடக்கூடாது; எண்ணெய்ப் பசை ஏறினால் தொடர்பு கெடும்.