வாயைத் திறந்த நைட்

கேள்வி: இடைக்கால இங்கிலாந்தில் நைட் பட்டம் பெற்றவர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களாக இருந்தார்களாமே? வாள் பிடித்தவர்கள் ராஜா முன்னால் வாயைத் திறந்திருப்பார்களா?

பதில்: வாயைத் திறக்கவென்றே ஓர் ஆளைத் தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். அந்த ஆளைத்தான் ஸ்பீக்கர் என்றார்கள். ‘சபாநாயகர்’ என்று நாம் மொழிபெயர்த்தது தப்பு என்று இந்தப் பக்கத்தில் எத்தனை தடவை எழுதியிருப்பேன், எத்தனை பேர் சண்டைக்கு வந்திருப்பார்கள்! அவர் சபைக்கு நாயகர் இல்லை, சபையின் வாய்.

நைட் பட்டம் பெற்ற சர் பீட்டர் டி லா மேரைப் பாருங்கள். ஹெர்ஃபோர்ட்ஷயரின் உறுப்பினர், மார்ச் பிரபுவின் காரியஸ்தர். 1376-இல் மூன்றாம் எட்வர்ட் வரி கேட்டு நாடாளுமன்றத்தைக் கூட்டியபோது, பொதுமக்கள் சபையினர் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் எட்டுப்பட்டை மண்டபத்தில் உட்கார்ந்து, ஒவ்வொருவராக நடுவிலிருந்த சாய்மேசைக்கு வந்து, கொடுத்த பணமெல்லாம் எங்கே போனது என்று கேட்டார்கள். அதையெல்லாம் தொகுத்துப் பிரபுக்களிடம் சொல்லும் வேலை பீட்டருக்கு. போனால், வாசலில் சிலரை மட்டும் உள்ளே விட்டு மற்றவர்களைத் தடுத்துவிட்டார்கள். நோயாளி ராஜாவுக்குப் பதிலாகச் சபையை நடத்திய மகன் ஜான் ஆஃப் கான்ட், இரண்டு மூன்று பேர் போதுமே என்கிறார். எல்லாரும் உள்ளே வராமல் ஒரு வார்த்தை பேச மாட்டேன் என்று நின்றுவிட்டார் பீட்டர். கடைசியில் மற்றவர்களைத் தேடிப் பிடித்து அழைத்துவர வேண்டியதாயிற்று. எனக்கு இந்த இடம்தான் உயிர்.

அப்புறம் பேசினார் பாருங்கள்! அரண்மனை அதிகாரி லாட்டிமர் பிரபு, லண்டன் வணிகர் ரிச்சர்ட் லயன்ஸ் இருவர் மேலும் நேரடியாகக் குற்றம் சாட்டினார். ராஜாவுக்கு 20,000 மார்க் (அந்தக் காலத்துப் பணக் கணக்கு) கடன் கொடுத்து 30,000 திரும்ப வாங்கும் ஏற்பாடு அதில் ஒன்று. பதவியில் இருப்பவர்கள் மேல் நாடாளுமன்றமே குற்றம் சாட்டி விசாரிக்கும் இம்பீச்மெண்ட் என்பது அங்கேதான் தொடங்கியது.

சபை கலைந்ததும் கான்ட் அவரை நாட்டிங்ஹாம் கோட்டையில் அடைத்தார். அவர் சிறையில் இருக்கும்போதே, 1377 ஜனவரியில் அடுத்த நாடாளுமன்றம் கூடியது. அதில் சபைக்காகப் பேசியவர் கான்ட்டின் சொந்தக் காரியஸ்தர் தாமஸ் ஹங்கர்ஃபோர்ட். நாடாளுமன்ற ஏட்டில் முதன்முதலில் ஸ்பீக்கர் என்ற பட்டத்தோடு பதிவானது இவர் பெயர்தான். இன்றும் ஸ்பீக்கர்களின் பட்டியலை ஹங்கர்ஃபோர்டிலிருந்து தொடங்குகிறவர்கள் உண்டு. என்ன அநியாயம்! நான் பீட்டரிலிருந்துதான் எண்ணுவேன்.

ஜூனில் எட்வர்ட் இறந்து, பேரன் ரிச்சர்ட் பட்டத்துக்கு வந்ததும் பீட்டர் விடுதலையானார். அக்டோபரில் சபை கூடியது. பேச மறுபடியும் அவரையே அனுப்பினார்கள்.