துர்க்கானாவில் ஒரு மிஷனரியின் நாள்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

வடக்கு கென்யாவில் துர்க்கானா மக்களோடு செவிலியராக இருந்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன் என்று தெரிந்ததும், தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு பக்கத்திலிருந்தும் இளைஞர்கள் கேள்வி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் இதோ.

எலத்தகிரியிலிருந்து ஒரு தங்கை: அங்கே ஒரு நாள் எப்படிப் போகும் சிஸ்டர்?

விடியும் முன் ஜெபம், பூசை. வெயில் ஏறுவதற்குள் வண்டி கிளம்பிவிட வேண்டும். லேண்ட் குரூசரின் பின்னால் தடுப்பூசிப் பெட்டி, ஐஸ், மருந்து, தொங்கு தராசு. போய் இறங்குகிற இடத்தில் கட்டடம் எதுவும் கிடையாது. ஒரு வேலமரம், அதுதான் ஆஸ்பத்திரி. கிளையில் தராசைக் கட்டிக் குழந்தைகளை ஒவ்வொன்றாக நிறுப்போம். பிறகு மேல்கையைச் சுற்றி நாடா. அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிறம் இருக்கும். சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, அதாவது கடுமையான ஊட்டக்குறைவு. அந்தக் குழந்தைக்கு வேர்க்கடலையோடு பால்பவுடர், எண்ணெய், சர்க்கரை சேர்த்து அரைத்த பசை, பாக்கெட் பாக்கெட்டாகக் கொடுப்போம். தாய் அதன் மூலையைக் கிழித்து, பிதுக்கிப் பிதுக்கி ஊட்டுவாள். முதல் வாய் உள்ளே போகிறவரை யாரும் பேசமாட்டார்கள்.

புதிதாக வருகிற இளம் மிஷனரிக்கு நாடா பிடிக்கிற வேலை, பெயர் எழுதுகிற வேலை. பிரசங்கம் எல்லாம் இல்லை. மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் கைகொடுத்து, ஆடு எப்படி, மழை உண்டா, பிள்ளைகள் சுகமா என்று விசாரித்த பிறகுதான் பெட்டியைத் திறக்கவே வேண்டும். இதற்கே அரைமணி நேரம் ஆகும். அவசரக்காரர்களுக்கு இந்த அரைமணிதான் கஷ்டம். ஆனால் அதை விட்டுவிட்டு வேலையில் இறங்கினவர்களிடம் அடுத்த முறை குழந்தையைக் காட்ட யாரும் வரமாட்டார்கள்.

பாலக்கோடு: சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

ராகிக்களி சாப்பிட்டு வளர்ந்த நமக்குக் கவலையே வேண்டாம். மக்காச்சோள மாவில் கிண்டுகிற உகாலி, தொட்டுக்கொள்ள சுகுமா விக்கி என்ற கீரை, கையால்தான் சாப்பாடு. துர்க்கானா மக்களுடையது ஆடு, ஒட்டகம் மேய்க்கிற வாழ்க்கை. பால்தான் அவர்களுக்குப் பெரிய உணவு. கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள்.

ஓசூர்: மாதம் எவ்வளவு கிடைக்கும்?

சம்பளம் கிடையாது. சபை சாப்பாடும் இடமும் கொடுக்கும், கைச்செலவுக்குக் கொஞ்சம்.

காவேரிப்பட்டினம்: காய்ச்சல் வந்தால் என்ன மாத்திரை போடுவீர்கள்?

மாத்திரை அப்புறம். முதலில் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மலேரியா பரிசோதனை. அங்கே பரவலாக இருப்பது பால்சிபாரம் வகை. ஓரிரு நாளிலேயே மூளையைத் தாக்கி ஆளைக் கொண்டுபோய்விடும். பாராசிட்டமால் போட்டுக்கொண்டு, காலையில் பார்க்கலாம் என்று படுக்காதீர்கள். இன்னொன்று: ஊருக்குத் திரும்பி மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவரிடம் முதல் வார்த்தையே "ஆப்பிரிக்காவிலிருந்து வந்திருக்கிறேன்" என்பதாக இருக்கட்டும். நீங்கள் சொல்லாவிட்டால் இங்கே டெங்கு, டைபாய்டு என்றுதான் தேடுவார்கள்.

பென்னாகரம் பக்கம், போர்வெல் ரிக் வண்டியில் வேலை செய்யும் ஒரு தம்பி: எங்கள் திருச்செங்கோட்டு வண்டிகள் ஆப்பிரிக்காவரை போகின்றன. ஊருக்கு ஒரு போர் போட்டுக் கொடுத்தால் பிரச்சினை தீர்ந்தது. மிஷனரி எதற்கு?

நல்ல கேள்வி தம்பி, நேராகவே பேசுவோம். அங்கே கோடையில் ஆறு வெறும் மணல். பெண்கள் மணலில் ஆளுயரத்துக்கும் மேல் ஊற்றுக்குழி தோண்டி, ஒருத்திக்கு மேல் ஒருத்தியாக நின்று, தண்ணீர்ப் பாத்திரத்தைக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள். அதைப் பார்க்கிற யாருக்கும் உடனே ஒரு ரிக் வண்டியை வரவழைக்கத்தான் தோன்றும். ஆனால் போரில் வருகிற தண்ணீர் குடிக்கிற தண்ணீர்தானா? பென்னாகரத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா? நம் பாறையில் இருக்கிற புளோரைடு போரின் வழியே மேலே வந்து, எத்தனை பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடு போட்டது! ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்து சேர 2013 ஆனது. துர்க்கானா இருக்கிற ரிஃப்ட் பள்ளத்தாக்கு எரிமலைப் பாறை பூமி. அங்கேயும் அதே புளோரைடு, அதே கறைப் பல்.

அதே தம்பி: எல்லா இடத்திலும் அப்படி இருக்காதே. ஆழமாகப் போனால் நல்ல தண்ணீர் கிடைக்கும்.

சில இடத்தில் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் 2013 செப்டம்பரில் துர்க்கானாவின் லோட்டிகிபி சமவெளிக்கு அடியில் பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது என்று கென்ய அரசும் யுனெஸ்கோவும் அறிவித்தன. வறட்சியே இனி இல்லை என்று ஊரெல்லாம் பேச்சு. அப்புறம் போர் போட்டுச் சோதித்தால் உப்பு.

காரிமங்கலத்திலிருந்து ஒரு அக்கா குறுக்கே: காய்ச்சிக் குடித்தால் போதாதா?

போதாது அக்கா. காய்ச்சினால் கிருமி சாகும், புளோரைடு போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. சோதிக்காமல் தெரியாது.

மறுபடியும் ரிக் தம்பி: அப்படியானால் போரே வேண்டாம் என்கிறீர்களா?

இல்லவே இல்லை! தண்ணீரைச் சோதித்துவிட்டுப் போடுங்கள், போட்டபின் ஆள் இருங்கள் என்கிறேன். அடிபம்ப்பில் ஒரு வாஷர் தேய்ந்து, மாற்ற ஆளில்லாமல் துருப்பிடித்துக் கிடக்கிற இடங்கள் உண்டு. பம்ப்பைத் திறந்து மூட உள்ளூரில் நாலு பேருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், சாவி யாரிடம் இருப்பது என்று பேசி முடிக்க வேண்டும், மேய்ச்சல்காரர்களின் ஆட்டுக்கும் அதில் பங்கு உண்டா என்று தீர்க்க வேண்டும். அதற்கு அவர்கள் மொழி வேண்டும், வருஷக்கணக்கில் கூட இருக்க வேண்டும். மிஷனரி எதற்கு என்றீர்களே, இதற்குத்தான். உங்களைப் போல பம்ப் தெரிந்தவர் வந்தால் இன்னும் நல்லது. துறவியாக வேண்டியதில்லை, பொதுநிலையினரை அனுப்புகிற அமைப்புகளும் உண்டு. பங்குச் சாமியாரிடம் பேசுங்கள்.

கோவிலூர்: நம் ஊரிலேயே இவ்வளவு குறை இருக்கும்போது வெளிநாடு எதற்கு?

இங்கேயும் செய்யுங்கள், ஆள் தேவைதான். 1623-இல் இத்தாலிய மிஷனரி ராபர்ட் தெ நோபிலி சேலம் வந்தார். 1930-இல் உருவான சேலம் மறைமாவட்டத்தின் முதல் ஆயர் பிரெஞ்சுக்காரர். அதிலிருந்து பிரிந்து 1997-இல் வந்ததுதான் நம் தர்மபுரி மறைமாவட்டம். அவர்களும் சொந்த ஊரில் குறை தீர்ந்த பிறகு புறப்பட்டவர்கள் இல்லை.

ஊத்தங்கரை: சம்பளம் உண்டா?

ஓசூருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மத்தூர்: வீட்டுக்குப் பேச முடியுமா?

சிக்னல் இருந்தால் முடியும். கென்யா நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால். அம்மாவுக்கு இரவு ஒன்பதரை என்றால் அங்கே ஏழு. சுவாஹிலிக்காரர்கள் மணியைக் காலை ஆறிலிருந்து எண்ணுவார்கள் என்பதையும் மனதில் வையுங்கள். அவர்கள் மூன்று மணி என்றால் காலை ஒன்பது.

தளி: விசா வாங்கித் தருவீர்களா? ஏஜென்ட் ஒருவர் மிஷனரி விசா என்று பணம் கேட்கிறார்.

நான் வாங்கித் தருவதில்லை. ஏஜென்டிடம் ஒரு ரூபாயும் பாஸ்போர்ட்டும் கொடுக்காதீர்கள். சமயப் பணிக்கென்று கென்யாவில் தனி அனுமதி இருக்கிறது. உங்களை அழைக்கிற சபைதான் அதற்கு விண்ணப்பிக்கும்.

அரூர்: ஊசி ஏதாவது போட வேண்டுமா?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. அரசு அங்கீகரித்த மையத்தில்தான் போடுவார்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் உண்டு. போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அதன்பின் ஆயுள் முழுக்கப் போதும். அது இல்லாமல் திரும்பினால் இந்தியாவில் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். மலேரியாவுக்கு இந்த ஊசி உதவாது. கொசுவலைக்குள் படுங்கள். காய்ச்சல் என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை.

பர்கூர்: பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கிப் போகலாமா?

வேண்டாம். கைக்குள் அடங்குகிற டார்ச், பருத்தித் துணி, மூடிய செருப்பு போதும். பெட்டியில் இடம் மிஞ்சினால் ஊறுகாய் வையுங்கள், கூட இருக்கிற மற்ற நாட்டு சிஸ்டர்களும் கேட்பார்கள்.