நிலத்தை விற்க வேண்டாம், பாப்பா பிசிக்ஸ் படிக்கட்டும்

கொடைக்கானல் மலையில் இருக்கும் பூம்பாறையிலிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்க வந்தது. அப்பா, அம்மா, பிளஸ் டூ முடித்த மகள், கூடவே பெரியகுளத்தில் இருக்கும் தாய்மாமன். ஒன்றரை ஏக்கரில் பூண்டு போடுகிறார்கள். மகள் அரசுப் பள்ளியில் படித்தவள். நீட் தேர்வில் தகுதி மதிப்பெண் வந்துவிட்டது, ஆனால் 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டில் பார்த்தாலும் அரசு மருத்துவக் கல்லூரி இடத்துக்கு அது எட்டாது. மாமா கையில் ஏஜென்ட் கொடுத்த வழவழப்பான தாள். வெளிநாட்டில் எம்பிபிஎஸ், மொத்தச் செலவு 35 லட்சம். நிலத்தை விற்றுப் பாதி, மீதிக்கு வங்கிக் கடன் என்று ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள். அப்பா முகத்தில் தூக்கமே இல்லை. "நம்ம வகையறாவுல ஒரு டாக்டர் கூட இல்ல சார்" என்றார் மாமா.

பதறாதீர்கள், நாள் இருக்கிறது என்று ஆறுதல் சொல்லித்தான் ஆரம்பித்தேன். ஆனால் அந்தத் தாளைப் படித்த பிறகு ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. அன்று சொன்னதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே நிலையில் மலையிலும் அடிவாரத்திலும் இன்னும் பல வீடுகள் இருக்கின்றன.

முதலில் கணக்கு. 35 லட்சத்துக்கு ஆண்டுக்குப் பத்து சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டாலே மாதம் 29,000 ரூபாய்க்கு மேல் வட்டிக்கு மட்டும் போகும். பாதிதான் கடன் என்றாலும் மாதம் 14,500க்கு மேல். மீதிப் பாதிக்கு வருமானம் தந்துகொண்டிருந்த நிலமே போய்விடும். படிப்பு முடிந்து வந்தால் உடனே ஸ்டெதாஸ்கோப் மாட்ட முடியாது. இந்தியாவில் தகுதித் தேர்வு எழுத வேண்டும், 300க்கு 150 எடுக்க வேண்டும். சமீப ஆண்டுகளில் அந்தத் தேர்வு எழுதியவர்களில் பாதிப் பேர்கூடத் தேறவில்லை. தேறிய பிறகு இங்கே ஓராண்டுப் பயிற்சி. ஏஜென்டின் தாளில் இதில் ஒரு வரிகூட இல்லை. டாக்டர் படிப்பு நல்ல படிப்புதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் இந்த விலைக்கு, இந்தக் குடும்பத்துக்கு, அதைவிட முக்கியமாக இந்தப் பெண்ணுக்கு, இது சரியில்லை.

இந்தப் பெண்ணுக்கு என்று ஏன் சொல்கிறேன்? பேச்சு முழுக்க அவள் வாயே திறக்கவில்லை. உனக்கு என்னம்மா பிடிக்கும் என்று கேட்டதற்கு, பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து நீட்டினாள். அவளுடைய அப்பத்தாவுக்குச் சர்க்கரை நோய். தினமும் விரலில் குத்திக் குத்தி நுனியெல்லாம் காய்த்துவிட்டது. ஊசியே வேண்டாம், மணிக்கட்டில் கட்டினால் சர்க்கரை அளவு தெரியும் என்ற விளம்பரத்தை நம்பி மாமா ஒரு கைக்கடிகாரம் வாங்கித் தந்திருக்கிறார். இவள் நோட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறாள். ஒரு பக்கம் குளுக்கோமீட்டர் காட்டியது, மறுபக்கம் கடிகாரம் காட்டியது. 212க்கு நேரே 108. 164க்கு நேரே 106. 91க்கு நேரே 105. கடைசி வரியில் குளுக்கோமீட்டர் பத்தி காலியாக இருக்க, கடிகாரத்தின் பக்கம் 104 என்று எழுதி, அடைப்புக்குறிக்குள் 'மலைவாழைப்பழம்' என்று குறித்திருந்தாள். பழத்தின் மேல் கடிகாரத்தைக் கட்டிப் பார்த்திருக்கிறாள்!

மாமாவுக்கு வருத்தம்தான். ஆனால் நான் பார்த்தவரை அந்த நான்கு வரிதான் அவளுடைய உண்மையான மார்க் ஷீட். ஒரு கருவி சொல்வதை நம்பாமல், இன்னொன்றோடு ஒப்பிட்டு, கடைசியில் உயிரோடு இல்லாத ஒன்றின் மேலும் வைத்துச் சோதிப்பது ஆய்வகத்தில் வேலை செய்பவரின் புத்தி. அதைச் சொல்லிக் கொடுத்து வரவழைப்பது கடினம். அவளிடம் தானாக இருக்கிறது.

அவள் கேட்ட கேள்வியும் சரியான கேள்வி. "ஆக்சிமீட்டர் விரல்ல குத்தாமலே ஆக்சிஜனைச் சொல்லுது. சர்க்கரையை மட்டும் ஏன் சொல்ல முடியல சார்?"

ஆக்சிமீட்டர் இரண்டு ஒளிகளை விரல் வழியாக அனுப்புகிறது. ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, இன்னொன்று கண்ணுக்குத் தெரியாத 940 நானோமீட்டர் அகச்சிவப்பு. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாத ஹீமோகுளோபினும் இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். நாடி துடிக்கும்போது கூடிக் குறையும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் தமனி ரத்தத்தின் கணக்கு கிடைத்துவிடும். இந்த யுக்தியைக் கண்டவர் ஜப்பானைச் சேர்ந்த தகுவோ அவோயாகி, 1970களின் தொடக்கத்தில். ஹீமோகுளோபினுக்கு அழுத்தமான நிறம் இருப்பதால்தான் இது நடக்கிறது. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று நெற்றியில் கருவியை வைத்துப் பார்க்கிறார்களே, அதுவும் இப்படித்தான். பிலிருபினுக்கு மஞ்சள் நிறம் இருக்கிறது.

குளுக்கோஸுக்கு நிறமே கிடையாது. ஒரு லிட்டர் ரத்தத்தில் அது சுமார் ஒரு கிராம்தான். சுற்றிலும் தண்ணீர், கொழுப்பு, புரதம். அகச்சிவப்பில் அது காட்டும் சிறு அடையாளத்தையும் தண்ணீரின் அடையாளம் மூடிவிடுகிறது. இங்கேதான் லேசரும் ராமன் விளைவும் வருகின்றன. ஒரே நிறமுள்ள ஒளியை ஒரு பொருளின் மேல் பாய்ச்சினால், சிதறிவரும் ஒளியில் மிகச் சிறு பங்கு நிறம் மாறி வரும். எவ்வளவு மாறுகிறது என்பது அந்த மூலக்கூறு எப்படி அதிர்கிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே சிதறிவரும் ஒளியைப் பிரித்துப் பார்த்தால் குளுக்கோஸுக்கென்று தனியாக ஒரு கோட்டு வரிசை உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சர் சி.வி. ராமன் 1928 பிப்ரவரியில் கண்டது இது. அவர் காலத்தில் லேசர் கிடையாது, 1960இல்தான் வந்தது. சிக்கல் என்னவென்றால், நிறம் மாறி வருவது கோடி ஒளித்துகளில் ஒன்று என்ற அளவில்தான். தோல் தானாக மினுக்கும் ஒளிக்கு நடுவே அதைப் பிடிப்பது, வத்தலக்குண்டு வாரச்சந்தையில் எதிர்வரிசையில் ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்பது போன்ற வேலை.

ஆனாலும் பிடித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்களும் சாம்சங் ஆய்வாளர்களும் சேர்ந்து, உயிருள்ள பன்றியின் காதில் குளுக்கோஸின் ராமன் கோடுகளை நேரடியாகக் கண்டதாக 2020இல் வெளியிட்டார்கள். அந்தக் கருவி மேசை நிறைய இருக்கும் கருவி. அதை மணிக்கட்டுக்குள் கொண்டுவருவது வேறு வேலை. தோலை ஊடுருவிப் படிக்கும்போது கிடைப்பது பெரும்பாலும் திசுநீரின், அதாவது செல்களுக்கு இடையில் இருக்கும் நீரின் சர்க்கரை, அது ரத்தத்தைவிடச் சில நிமிடம் பின்தங்கியே வரும். கை சில்லிட்டால் ஒரு கணக்கு, கருவியை அழுத்திப் பிடித்தால் வேறு கணக்கு. ஊசி இல்லாமல் சர்க்கரை காட்டும் எந்தக் கைக்கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அனுமதி தரவில்லை என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2024 பிப்ரவரியில் எச்சரித்தது. அப்பத்தா அந்தக் கடிகாரத்தைப் பார்த்து இன்சுலினைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இதை அம்மாவிடம் இரண்டு முறை சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஆக்சிமீட்டர் கருநிறத் தோலில் உண்மையைவிடக் கூடுதலாக ஆக்சிஜன் காட்டிவிடுகிறது, அமெரிக்காவில் கறுப்பின நோயாளிகளிடம் ஆக்சிஜன் குறைவு வெள்ளையரைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடப்பட்டது என்று 2020இல் ஓர் ஆய்வு வந்தது. இத்தனை காலம் புழங்கிய கருவிக்கே இந்தக் கதி. நாளை வரப்போகும் ரத்தப் பரிசோதனைக் கருவியை நம் தோலின் மேல் வைத்துச் சரிபார்க்க, நம் ஊரிலிருந்து போனவர்கள் அந்த ஆய்வகத்தில் இருக்க வேண்டும். இதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன்.

சரி, அந்த ஆய்வகத்துக்கு எப்படிப் போவது? இன்ஜினியரிங், நர்சிங், பாராமெடிக்கல் வழிகளைச் சொல்ல உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் இருப்பார்கள், அதை விட்டுவிடுகிறேன். யாரும் சொல்லாதது பிஎஸ்சி இயற்பியல், அதற்குப் பிறகு ஒளியியல்.

காந்திகிராம கிராமிய நிறுவனத்தில் பிஎஸ்சி இயற்பியல் உண்டு, ஆனால் அதற்கு கியூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும். இவள் எழுதவில்லை. ஆகவே திண்டுக்கல் எம்.வி. முத்தையா அரசு மகளிர் கலைக் கல்லூரிக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கச் சொன்னேன். கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம்தான். ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்கிலேயே வரும். விடுதியையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு போகப் பூண்டு வருமானத்தில் அடங்கிவிடும்.

முதல் இரண்டு ஆண்டுக்குள் அவள் கைக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து அளக்கும் கருவி வரும். பாதரச விளக்கின் ஒளியை கிரேட்டிங் என்ற நுண்கோடுகள் போட்ட தகடு வழியாக விட்டு, ஊதா, பச்சை, மஞ்சள் கோடுகளைத் தொலைநோக்கியில் ஒவ்வொன்றாகப் பிடித்து, வெர்னியர் அளவைக் குறிக்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகள் பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிவிட்டுப் போவார்கள். இவள் அதை மட்டும் செய்யக் கூடாது. ராமன் ஆய்வகத்தில் இருக்கும் பல லட்ச ரூபாய்க் கருவியும் அடிப்படையில் இதையேதான் செய்கிறது. கூடவே கணிதத்தை விடக் கூடாது. புள்ளியியல், மேட்ரிக்ஸ், பைத்தான் நிரல் எழுதுவது, இவை இல்லாமல் அந்த முணுமுணுப்பைப் பிரித்தெடுக்க முடியாது. மூன்றாம் ஆண்டில், ஐஐடிகளில் எம்எஸ்சி சேர்வதற்கான ஜாம் தேர்வு. அது கிடைக்காவிட்டால் கொடைக்கானலிலேயே அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்தில் எம்எஸ்சி இயற்பியல் இருக்கிறது, வீட்டிலிருந்தே போய்வரலாம். அப்புறம் எம்டெக் சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதி, கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒளிமின்னணுவியலும் லேசர் தொழில்நுட்பமும் சேர்ந்த எம்டெக். கேட் தேறியவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஆய்வுப் பக்கம் போனால் நெட் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆய்வு உதவித்தொகை வாங்கியவர்களுக்கு மாதம் 37,000. வீட்டிலிருந்து பணம் போவது அந்தக் கட்டத்தில் நின்றுவிடும்.

வேலை எங்கே என்று அப்பா கேட்டார், கேட்க வேண்டிய கேள்வி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் மருத்துவக் கருவிகளை இங்கேயே உருவாக்குகிற இடம். நம் பக்கத்தில் மதுரையில் ஆரோலேப் 1992 முதல் உள்விழி லென்ஸ் செய்கிறது, கண்ணுக்கான லேசர் கருவியும் செய்கிறது. மருந்து ஆலைகளில் மூலப்பொருள் அசல்தானா என்று ராமன் கருவியை வைத்தே பார்க்கிறார்கள். ஊசியில்லாச் சர்க்கரைக் கருவி அவள் காலத்தில் வரலாம், வராமலும் போகலாம். அந்த ஒரு கருவியை நம்பி அவளை அனுப்பச் சொல்லவில்லை. ஒளியை அளக்கத் தெரிந்தவருக்கு அது வராவிட்டாலும் வேலை இருக்கிறது.

ஆனால் பிஎஸ்சியோடு நிறுத்திவிடுவதாக இருந்தால் இந்த வழி வேண்டவே வேண்டாம். மூன்று ஆண்டு முடிந்ததும் வரன் பார்க்கிறோம் என்று ஆரம்பித்தால், கையில் வெறும் பட்டம்தான் மிஞ்சும். குறைந்தது ஏழு ஆண்டு அவளை விட்டுவிட வேண்டும். இதை அம்மா முன்னாலேயே, மாமா முன்னாலேயே சொன்னேன். மாமா, அக்கா மகள் நன்றாக வர வேண்டும் என்றுதான் நீங்கள் இவ்வளவு அலைகிறீர்கள், அது தெரிகிறது. விற்ற நிலத்தைப் பூம்பாறையில் திரும்ப வாங்க இன்றைய விலையில் முடியுமா என்று மட்டும் நீங்களே யோசியுங்கள்.

இன்னொரு தடவை நீட் எழுதட்டும் என்று யாராவது சொல்வார்கள். அவளே கேட்டால் சரி, வீட்டிலிருந்தே படித்து எழுதட்டும், கல்லூரிச் சேர்க்கையை விடாமல். லட்சக்கணக்கில் கோச்சிங் கட்டணம் கட்டி ஓராண்டை அடைத்துப் போட நான் சம்மதிக்க மாட்டேன். அவள் கேட்கவில்லை. அவள் கேட்டது, கொடைக்கானல் அப்சர்வேட்டரிக்குள், சூரியனை ஆராயும் அந்த ஆய்வகத்துக்குள், விடுவார்களா சார் என்றுதான். பூம்பாறை பஸ்ஸில் அந்த வாசலைத் தாண்டித்தான் இத்தனை வருடமும் போயிருக்கிறாள். சூரியக் கரும்புள்ளியில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்கிறது என்பதை, நிறமாலைக் கோடுகள் லேசாக நகர்ந்திருப்பதை வைத்து ஜான் எவர்ஷெட் 1909 ஜனவரியில் கண்டது அங்கேதான். அருங்காட்சியகத்தைப் பார்க்க விடுவார்கள். அப்பா ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு அவளை அழைத்துப் போக வேண்டும்.

அதற்கு முன் செய்ய வேண்டியது: ஏஜென்டுக்கு முன்பணம் எதுவும் தராதீர்கள், சான்றிதழ்களின் அசலைக் கொடுத்திருந்தால் இந்த வாரமே வாங்கிவிடுங்கள். கல்லூரி விண்ணப்பத்துக்கு மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார், அவள் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். விருப்பப் பாடத்தில் இயற்பியலை முதலில் போடுங்கள், கணிதத்தை இரண்டாவதாக.