பிஸ்டியூலா கையில ஊசி: நீங்க கேட்டதும் நான் சொன்னதும்

நான் கொழும்பில டயலிசிஸ் யுனிட் ஒண்டில 16 வருஷமா நேர்ஸ். பிஸ்டியூலா எண்டா, டயலிசிஸ் மெஷினுக்கு ரத்தம் எடுக்கவும் திரும்ப விடவும் ஊசி குத்துறதுக்காக, கையில நாடியையும் (artery) ரத்த நரம்பையும் (vein) சேர்த்துத் தைச்ச இடம். ஊசி குத்துறது பற்றி என்ன சந்தேகம் எண்டாலும் கேளுங்கோ எண்டன், கனக்க வந்திருக்கு. ஏலுமானதுக்கு பதில் போடுறன்.

வெள்ளவத்தைத் தம்பி: அப்பா ஒரே இடத்திலதான் குத்தச் சொல்லுவார், அங்க நோகிறேல்லயாம். இப்ப அந்த இடம் பலூன் மாதிரி வீங்கி நிக்குது மிஸ்.

தம்பி, நோகாததுக்குக் காரணமே அந்த இடம் கெட்டுப்போனதுதான். திரும்பத் திரும்ப குத்தினா தோல் தழும்பாகி மரத்துப்போகும், உள்ள ரத்த நரம்புச் சுவர் இளகி வெளிய தள்ளும், வீக்கத்துக்குப் பக்கத்தில ஒடுங்கிப்போகவும் பார்க்கும், பிறகு மெஷின்ல பிரஷர் ஏறி அலாரம் அடிச்சுக்கொண்டே இருக்கும். நேர்ஸ்மாரிலயும் பிழை இருக்கு, அவசரத்தில சுகமாக் கிடைக்கிற இடத்தைத்தான் தேடுவம், நானும் செய்திருக்கிறன். சரியான முறை ஏணிப்படி மாதிரி, இண்டைக்குக் குத்தின இடத்தில இருந்து அடுத்த தரம் ஒரு விரல் அகலம் மேல, முடிஞ்சா திரும்ப கீழ இருந்து. கிழமைக்கு 3 தரம் எண்டா, ரெண்டு ஊசிப்படி வருஷத்துக்கு 300க்கு மேல ஓட்டை, அதை முழு நீளத்துக்கும் பிரிச்சுப் போட்டாத்தான் கை தாங்கும். அப்பாட்ட "மிஸ், போன தரம் இதில குத்தினது" எண்டு வாயைத் திறந்து சொல்லச் சொல்லுங்கோ.

வீக்கத்துக்கு மேல தோல் மினுங்கி மெலிஞ்சிருந்தா, பொருக்கு ஆறாம இருந்தா, கெதியாப் பெருத்தா, அண்டைக்கே காட்டோணும். ரத்தம் பீறிட்டா துணியச் சுத்திக்கொண்டு நிக்காதேங்கோ, எங்க இருந்து வருதெண்டு தெரியாமப் போயிடும். ஓட்டைக்கு நேர விரலால இறுக்கி அமத்தி, இல்லாட்டி போத்தல் மூடியக் குழிப்பக்கம் கீழ வச்சு அமத்தி, கையத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ.

தெஹிவளை அண்ணா: கனடாவில மச்சானுக்கு பட்டன்ஹோல் முறையாம், நோவே இல்லையாம். இஞ்சயும் கேக்கலாமோ?

அது போலந்தில ட்வார்டோவ்ஸ்கி எண்ட டொக்டர் 1970கள்ல தொடங்கினது. குத்த இடம் குறைவான ஒரு ஆளுக்கு அதே ஓட்டையிலயே போட்டுப் பார்த்தினம். ஒரே ஆள், ஒரே கோணத்தில, கூரான ஊசியால ஏழெட்டுத் தரம், சிலருக்கு அதுக்கும் மேல குத்தினா தோடு போட்ட காது மாதிரி ஒரு பாதை உண்டாகும், பிறகு மொட்டை ஊசி போகும். ஒவ்வொரு தரமும் பழைய பொருக்கை சுத்தமா எடுக்காட்டி அதில இருக்கிற கிருமிய நாங்களே ரத்தத்துக்குள்ள தள்ளிவிடுறம். அமெரிக்காவில சிறுநீரக வைத்தியத்துக்கு இருக்கிற கேடோக்கி (KDOQI) வழிகாட்டியும் 2019ல விசேஷமான ஆக்களுக்கு மட்டும் எண்டு சுருக்கிட்டுது. வீட்டில தானே குத்துற மச்சானுக்கு சரி. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் வேற நேர்ஸ் வாற இடத்தில நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன். பிளாஸ்டிக் குழாய் வச்ச கிராப்ட் எண்டா கதையே இல்ல.

கொட்டாஞ்சேனைத் தங்கச்சி: அம்மாக்கு பிஸ்டியூலா செய்து 3 கிழமை. கழுத்தில டயலிசிஸ் குழாயோட பயமா இருக்கு, இப்ப குத்தலாமா?

பொறுங்கோ பிள்ளை. நாங்க 6ஆம் கணக்கு எண்டுவம்: 6 கிழமை, 6 மில்லிமீட்டர் அகலம், தோலுக்குக் கீழ 6 மில்லிமீட்டருக்குள்ள ஆழம், நிமிஷத்துக்கு 600 மில்லிலீட்டர் ஓட்டம். எல்லாருக்கும் அச்சொட்டா வராது, ஸ்கேன் பார்த்து டொக்டர் சொல்லுவார். முதல் கொஞ்ச நாளைக்கு 17 கேஜ் சின்ன ஊசி, பிறகு 16, 15. நம்பர் குறையக் குறைய ஊசி பெருசு, அதில கனபேர் மாறி விளங்குறவை. இந்த பிஸ்டியூலாவ, 1966ல நியூயோர்க்கில இருந்து அதைப் பற்றி எழுதின டொக்டர்மார் பிரெஷியா, சிமினோ எண்ட பேரை வச்சு உலகம் கொண்டாடுது, கத்தி பிடிச்ச சர்ஜன் அப்பெல்ட பேர் அதில காணாமப்போச்சு, பாவம்.

இன்னொரு அக்கா: கோயில்ல காப்பு கட்டினவை, பிரச்சினையா?

பொம்பிளையளுக்கு இடக்கை, பிஸ்டியூலாவும் அனேகமா இடக்கை. கட்டாதேங்கோ அக்கா, ஐயரிட்ட சொல்லி மற்றக் கையில கட்டுங்கோ. மணிக்கூடு, இறுக்கின வளையல், பிரஷர் பார்க்கிறது, எல்லாம் அந்தக் கையில கூடாது.

நோவுக்கு கிரீம் பூசலாமா? ஓம், எம்லா, குத்துறதுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முதல். அப்பிடியே குத்தாம நல்லாக் கழுவித் துடைச்சிட்டுக் குத்தோணும்.

புதுசா சேர்ந்த நேர்ஸ் தங்கச்சி: நேற்று குத்தேக்க கை உருண்டு வீங்கிட்டுது அக்கா, இரவு நித்திரையே வரேல்ல.

என்ர முதல் வருஷம் ஒரு ஐயாட கைய முழங்கை வரைக்கும் நீலமாக்கினனான். அவர் "பரவாயில்ல மகள், மற்றக் கை இருக்குது" எண்டார், அதுதான் கூடச் சுட்டது. கவனி: முதல் தொட்டு அதிர்வு பார், காது வச்சுக் கேள். ஊசிட வாய் மேல பார்க்க, 25 பாகை சரிவில போ. ஊசிக் குழாயில ரத்தம் மின்னினவுடன சரிவக் குறைச்சு மெல்லமா உள்ள தள்ளு. பழைய ஆக்கள் சொல்லித்தாற மாதிரி உள்ள வச்சு திருப்பாத, பின்பக்கமும் ஓட்டை உள்ள ஊசிக்கு அது தேவையுமில்ல. ரத்தத்தத் திரும்ப உள்ள விடுற வீன் ஊசி எப்பவும் நெஞ்சுப்பக்கம் பார்க்கோணும். வீங்கினா நிப்பாட்டு, துணியில சுத்தி ஐஸ் வை, அண்டைக்கு அந்த இடத்தத் தொடாத. எடுக்கேக்கயும் ஊசி முழுசா வெளிய வந்தாப்பிறகுதான் அமத்து, முதலே அமத்தினா ஊசி நரம்பைக் கிழிக்கும். ரெண்டு விரல், ஒண்டு தோல் ஓட்டைக்கு, மற்றது கொஞ்சம் மேல நரம்பு ஓட்டைக்கு. 10 நிமிஷம் தூக்கிப் பார்க்காம பிடி. நாளைக்கு அதே ஆள் வந்தா நீயே போய் குத்து, நான் பக்கத்தில நிக்கிறன்.