குறைந்த மதிப்பெண் யாருக்கு? பச்சிளங்குழந்தை பேலியேட்டிவ் கேர் ஆய்வு: கேள்வி-பதில்

பச்சிளங்குழந்தைகளுக்கான பேலியேட்டிவ் கேர் (உயிருக்கு ஆபத்தான நோயில் வலியையும் வேதனையையும் தணித்து, குடும்பத்தையும் தாங்கும் பராமரிப்பு) பற்றிச் செவிலியர்கள் என்ன நினைக்கிறார்கள் என்பதை எப்படி அளப்பது? இதைப் பற்றி வந்த கேள்விகள் இவை. பெரும்பாலும் தீசிஸ் எழுதுபவர்கள் கேட்டவை. ஒன்று மட்டும் படிவத்தை நிரப்பியவர் கேட்டது. அதைக் கடைசியில் வைத்திருக்கிறேன்.

நானே 20 கேள்விகள் எழுதி வைத்திருக்கிறேன். அதை வைத்தே ஆய்வு செய்யலாமா?

இருப்பதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். விக்டோரியா கெய்னும் சகாக்களும் ஆஸ்திரேலியச் செவிலியர்களிடம் சோதித்து 2009-இல் வெளியிட்ட நிப்காஸ் (NiPCAS, பச்சிளங்குழந்தை பேலியேட்டிவ் கேர் மனப்பான்மை அளவுகோல்) இதற்கென்றே உருவானது. மொத்தம் 26 வாக்கியங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஏற்கிறீர்கள், எவ்வளவு மறுக்கிறீர்கள் என்று ஐந்து படிகளில் குறிக்க வேண்டும். தைவான், ஈரான் போன்ற நாடுகளிலும் பயன்படுத்தியிருக்கிறார்கள். உருவாக்கியவர்களிடம் அனுமதி கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஃபிரொமெல்ட் அளவுகோலை (1991, 30 வாக்கியங்கள்) எடுக்கலாமா என்றும் சிலர் கேட்கிறார்கள். நல்ல கருவிதான். ஆனால் சாகும் நிலையில் இருக்கும் நோயாளியைப் பராமரிப்பது பற்றிப் பொதுவாகக் கேட்பது அது. பிறந்து மூன்று நாள் ஆன குழந்தையால் தன் பயத்தைச் சொல்ல முடியாது. பேச்செல்லாம் பெற்றோரோடுதான். அந்த வித்தியாசம் அதில் பிடிபடாது.

நிப்காஸில் சராசரி 5-க்கு 2.9 வந்தது. 'செவிலியர்களின் மனப்பான்மை திருப்திகரமாக இல்லை' என்று எழுதச் சொல்கிறார் கைடு. எழுதலாமா?

எழுதாதீர்கள். இந்தத் துறையில் நான் அதிகம் பார்க்கும் தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நிப்காஸின் பெயரில் மனப்பான்மை இருந்தாலும், அது உண்மையில் தேடுவது எது தடுக்கிறது, எது உதவுகிறது என்பதைத்தான். அதன் காரணிகள் (வாக்கியங்கள் சேரும் தொகுதிகள்) மூன்று: நிறுவனம், வளங்கள், பராமரிப்பவர். 'என் யூனிட்டின் இடவசதி சாகும் குழந்தையைப் பராமரிக்க ஏற்றது' என்ற பொருளில் ஒரு வாக்கியம் வருகிறது. இரண்டு வார்மர்களுக்கு (குழந்தையை வெதுவெதுப்பாக வைக்கும் படுக்கைகளுக்கு) நடுவே ஒரு திரை கூட இல்லாத வார்டில், தாய் நின்றுகொண்டே குழந்தையைப் பார்க்கிறாள் என்று வையுங்கள். அங்கே வேலை செய்பவர் 1 போட்டால், அவருக்கு மனம் சரியில்லை என்றா அர்த்தம்? கண்ணால் பார்ப்பதைச் சொல்கிறார், அவ்வளவுதான். அந்த 1 வார்டுக்குப் போட்ட மதிப்பெண். அவர் கணக்கில் அதை எழுதுவது அநியாயம்.

இன்னொரு வாக்கியம், குழந்தைகள் எந்த நிலையிலும் இறக்கக்கூடாது என்று சமூகம் நம்புவதைப் பற்றியது. அதற்கு 5 போட்டால் அது ஒரு தடையைக் காட்டுகிறது. இப்படிப்பட்டவற்றைத் திருப்பிக் கணக்கிடாமல் (5-ஐ 1 ஆக, 4-ஐ 2 ஆக மாற்றாமல்) எல்லாவற்றையும் கூட்டிவிட்டு 'கூடினால் நல்லது' என்று எழுதிய தீசிஸ்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் 2.9-ஐயும் முதலில் அந்தக் கண்ணோடு ஒருமுறை சரிபாருங்கள்.

அப்புறம், 75 விழுக்காட்டுக்கு மேல் எடுத்தால் நல்ல மனப்பான்மை என்று நீங்களாக ஒரு கோடு போடாதீர்கள். மூன்று காரணிகளையும் தனித்தனியாகக் காட்டுங்கள். வாக்கியம் வாக்கியமாக எத்தனை பேர் ஏற்றார்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்று ஒரு அட்டவணை போடுங்கள். வலியைப் போக்குவதே தனக்கு முக்கியம் என்று பெரும்பாலோர் சொல்லி, இடமும் ஆளும் பயிற்சியும் இல்லை என்றும் அவர்களே சொல்லியிருந்தால், அதுதான் உங்கள் கண்டுபிடிப்பு. கைடிடம் அந்த அட்டவணையைக் காட்டிப் பேசுங்கள், கேட்பார்.

தமிழில் மொழிபெயர்க்கும்போது 'பேலியேட்டிவ்' என்பதற்கு எந்தச் சொல்?

'வலி நிவாரணம்' என்று மட்டும் போட்டால் மார்ஃபின் ஞாபகம்தான் வரும். மூச்சுத்திணறலைக் குறைப்பது, குழந்தையைத் தாயின் மார்பில் படுக்க வைப்பது, இறந்த பிறகு குடும்பத்தோடு இருப்பது எல்லாம் விட்டுப்போகும். 'ஆதரவு சிகிச்சை' என்றால் ஆக்சிஜனும் டிரிப்ஸும்கூட அதில் அடங்கிவிடும். வார்டில் புழங்கும் 'பேலியேட்டிவ் கேர்' என்ற சொல்லையே வைத்து, படிவத்தின் தலையில் இரண்டு வரி விளக்கம் கொடுப்பேன் நான். அந்த விளக்கத்தில், குணப்படுத்தும் சிகிச்சை நடக்கும்போதே இதையும் தொடங்கலாம் என்பது அவசியம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'வென்டிலேட்டரை எடுப்பது' என்று புரிந்துகொண்டு பதில் போடுவார்கள்.

ஒருவர் மொழிபெயர்த்ததை, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் ஆங்கிலத்துக்குத் திருப்ப வேண்டும். உளவியலாளர் பிரிஸ்லின் 1970-இல் முன்வைத்த முறை இது. அதோடு நின்றுவிடாமல் ஐந்தாறு செவிலியர்களை உட்கார வைத்து, 'இதைப் படித்ததும் என்ன தோன்றியது?' என்று கேளுங்கள். தவறுகள் அங்கேதான் வெளியே வரும்.

எத்தனை பேர் வேண்டும்?

காரணிப் பகுப்பாய்வு (எந்த வாக்கியங்கள் ஒன்றாகச் சேர்கின்றன என்று பார்க்கும் புள்ளியியல் முறை) செய்வதானால் ஒரு வாக்கியத்துக்கு 5 முதல் 10 பேர் என்பது வழக்கமான தோராயக் கணக்கு. 26 வாக்கியங்களுக்கு 130 முதல் 260 பேர். ஒரே யூனிட்டில் 40 பேர்தான் என்றால் பகுப்பாய்வை விட்டுவிட்டு, அந்த யூனிட்டை விவரித்து எழுதுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லோரும் 4, 5 என்றே போட்டிருக்கிறார்கள். ஏன்?

படிவத்தை வாங்கியது யார்? வார்டு இன்சார்ஜ் என்றால் காரணம் தெரிந்துவிட்டது. பெயர் வேண்டாம். சின்ன யூனிட்டில் வயதும் அனுபவ ஆண்டும் சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும், அதனால் அவற்றையும் சரியான எண்ணாகக் கேட்காமல், '20 முதல் 30 வரை' என்பதுபோல் வரம்பாகக் கேளுங்கள். பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள்.

பயிலரங்கு முடிந்ததும் மதிப்பெண் ஏறியது. வெற்றிதானே?

அன்று சாயங்காலம் யாருக்கும் ஏறும். மூன்று மாதம் கழித்து மறுபடி கேளுங்கள். கூடவே கேஸ் ஷீட்டுகளை எடுத்து, வலி மதிப்பீடு பதிவாகியிருக்கிறதா, பெற்றோர் குழந்தையைக் கையில் ஏந்தினார்களா என்று பாருங்கள்.

நான் என்.ஐ.சி.யூ. (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) செவிலியர். படிவத்தில் பாதியிலேயே அழுதுவிட்டேன். பழைய ஒரு குழந்தை நினைவுக்கு வந்தது. மனப்பான்மை சரியில்லாததால்தான் இப்படியா?

இல்லைங்க. செய்ய வேண்டியது இன்னதென்று தெரிந்தும் செய்ய விடாத சூழலில் வரும் வேதனைக்கு 1984-இல் தத்துவவியலாளர் ஆண்ட்ரூ ஜேம்டன் ஒரு பெயரே வைத்தார், அறநெறி வேதனை என்று. சரியென்று படுவதையும் தாண்டிச் சிகிச்சையை நீட்டிக்கச் சொல்கிறார்களா என்று அந்தப் படிவமே கேட்கிறது. அது பலருக்கும் நடப்பதால்தான் அந்தக் கேள்வியே இருக்கிறது. உங்கள் அழுகை அந்த வேதனையாக இருக்கலாம், வெறும் துக்கமாகவும் இருக்கலாம். இரண்டுமே குறையல்ல.

பாதியில் நிறுத்த உங்களுக்கு உரிமை உண்டு, காரணம் சொல்ல வேண்டியதில்லை. இப்படி நேர்ந்தால் யாரிடம் பேசலாம் என்று ஒப்புதல் படிவத்தில் எழுதியிருக்க வேண்டியது ஆய்வாளரின் பொறுப்பு. எழுதியிருக்காவிட்டால் அவரிடமே கேளுங்கள். அன்று அந்தக் குழந்தையோடு உங்களுடன் டியூட்டியில் இருந்தவர் யாராவது இன்னும் அங்கே இருந்தால், ஒரு டீ குடிக்கக் கூப்பிட்டு அவரிடமும் பேசுங்கள்.